சவரிமுத்து மேடும் ராயப்பன் போரும்

அன்பு மாப்பிள்ளை சவரிமுத்துவுக்கு,

வயிற்றெரிச்சலோடுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். செத்தவன்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவர் குறுக்கே வந்து, "நீங்க சவரிமுத்து மச்சான்தானே?" என்று கேட்கிறார். நான் எங்கிருந்து திருந்துவது?

நீ என் தங்கை அருள்மேரியைக் கட்டுவதற்கு முன்பே பெரம்பலூர்ப் பட்டறையில் ஒரே வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்கள் நாம். அதனால்தான் மாப்பிள்ளை ஆன பிறகும் உன்னை 'வாங்க' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் வரவில்லை.

என் குறை என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் ஊரார் அறியச் சொல்லிவிடுகிறேன். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் நம் முதலாளி ஒரு ஜீப் எடுத்தார். பச்சைமலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கும் குத்தகை அவருடையது. முன் சக்கரங்களின் ஓட்டம் ஏற்கெனவே செத்துப்போன வண்டி அது. பாரம் முழுவதையும் பின் ஆக்ஸில் ஒன்றுதான் இழுக்க வேண்டும். அதை முதன்முதலாக மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போனவன் நீ. பாதி வழியில் பாறையும் சரளையுமாக ஒரு மேடு. அங்கே ஆக்ஸில் கம்பி படீரென்று இரண்டாக ஒடிந்தது.

வண்டியை விட்டு வர மாட்டேன் என்று அந்த மேட்டிலேயே இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டாய். மலை ஜனங்கள் சாமைச் சோறு கொண்டுவந்தார்கள். தின்றாய், கதை பேசினாய், சிரித்தாய். நான் திருச்சிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, புதுக் கம்பி ஒன்றைத் தேடிப் பிடித்து, தோளில் சுமந்துகொண்டு மலை ஏறி வந்து மாட்டிக் கொடுத்தேன். கடைசியில் அந்த இடத்துக்கு என்ன பேர் வந்தது? சவரிமுத்து மேடு! உட்கார்ந்து தின்றவனுக்கு மேடு, சுமந்தவனுக்குத் தோள்வலி. ராயப்பன் பாதை என்று ஒரு காக்காய் குருவியாவது சொல்லிற்றா?

இதைச் சொல்லி உன்னோடு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். "மச்சான், நீயும் எங்கியாவது போயி ஒடச்சுக்கிட்டு நில்லு. ஒம் பேரையும் வெப்பாங்க" என்று சிரித்தாய். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

உனக்குப் பிறகு ஜீப் என் கைக்கு வந்தது. கம்பி ஒடிந்த பிறகு நீ அந்த மேட்டைத் தாண்டவே இல்லை; நீ விட்ட இடத்தில்தான் நானும் நின்றேன். மேட்டுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு, சரக்கை மேலிருந்து தலைச்சுமையாக இறக்கினோம். இந்த ஆடி மாசம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ராயப்பா, தலச்சொமை கட்டுப்படியாவல. அந்த மேட்ட வெட்டி எறிஞ்சிரலாம். மழைக்கு முன்னாடி ஆள வுட்டு ஒடச்சுப்புடுவோம்" என்றார்.

என் மனசு துள்ளியது. மேடு போனால் பேரும் போகும். ஆனால் பாழாய்ப்போன வாய் வேறு சொன்னது. "வேணாம் மொதலாளி. பின் ஆக்ஸில மாத்தித் தரேன். வண்டி ஏறும்."

"ஏறலேன்னா?"

"அப்பறம் வெட்டிக்கங்க."

வெளியே வந்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. என் ஆக்ஸில் ஜெயித்தால் மேடு நிற்கும், உன் பேரும் நிற்கும். என் ஆக்ஸில் தோற்றால் மேடு போகும், உன் பேரும் அதோடு போகும். என் கைவேலையைக் கொண்டே உன் பேரைக் காப்பாற்றும்படி ஆகிவிட்டது. செத்தும் என்னை வேலை வாங்குகிறாயே, இது அடுக்குமா?

உடைந்து கிடந்த பட்டாள லாரி ஒன்றின் பின் ஆக்ஸிலைத் திருச்சியிலிருந்து கொண்டுவந்தேன். ஜீப்புக் கம்பி என் கட்டைவிரல் கனம் என்றால் இது மணிக்கட்டுக் கனம். ஒரு சிக்கல் இருந்தது. பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குடம் ஜீப்பில் வலப்பக்கம் தள்ளி இருக்கும்; இதில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்தது. எஞ்சினிலிருந்து வரும் தண்டோடு அதைச் சேர்த்தாக வேண்டுமே. இரண்டு நாள் யோசித்து, ஆக்ஸிலை அப்படியே மல்லாத்திப் போட்டேன். குடம் வலப்பக்கம் வந்து சமர்த்தாக உட்கார்ந்தது. இந்த யோசனை சவரிமுத்துவுக்கு வந்திருக்குமா என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தண்டை எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பழையதைவிடச் சுற்று அதிகம். மேட்டில் நன்றாக இழுக்கும். எத்தனை சுற்று என்று எண்ணினேனே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

சிரிக்காதே.

அரியலூர் ரோட்டில், ஊர் எல்லையில், பஸ் நிற்கிற இடத்தருகே வெள்ளோட்டம். முதலாளி வந்திருந்தார். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். சக்கரங்களுக்கு அடியில் முதலாளி எலுமிச்சம்பழம் வைத்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கியரைப் போட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது. சரிவில் உருளுகிறது போல என்று இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்தப் பின்னால் பாய்ந்து, ரோட்டோரப் பள்ளத்தைத் தாண்டி, செல்லம்மாள் களத்து வைக்கோல் போருக்குள் முழுசாகப் புகுந்துகொண்டது.

ஆக்ஸிலை மல்லாத்தினால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது அந்த வைக்கோலுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பின்னால் போக மூன்று கியர், முன்னால் போக ஒரே ஒரு கியர். இப்படி ஒரு ஜீப்பை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் செய்திருக்கிறேன்.

தலையெல்லாம் வைக்கோலோடு வெளியே வந்தேன். "ஏங்க, வைக்கலு வேணும்னா வாயத் தொறந்து கேக்கக் கூடாதா? இப்புடிப் பின்பக்கமா வந்தா புடுங்கணும்?" என்றாள் செல்லம்மாள். சந்தைக் கூட்டம் முழுதும் சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சவரிமுத்து இருந்திருந்தா..." என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார். பேச்சை முடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் அவிழ்த்து, ஆக்ஸிலை நேராகத் திருப்பி மாட்டினேன். தண்டு கொஞ்சம் கோணலாகப் போனாலும் போகட்டும் என்று அதன் மூட்டுகளைப் புதுசாக்கினேன். பிறகு ஒரு மாசம் அதைப் போட்டு வாட்டி எடுத்தேன். மருதையாற்று மணலில் இறக்கினேன், ஏறியது. குன்னம் பக்கத்துக் கரிசல் சேற்றில் விட்டேன், வெளியே வந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஓடைகளில் மூட்டையோடு ஓட்டினேன், ஒரு முனகல் இல்லை. போன இடமெல்லாம் யாராவது ஒருவர் வந்து, "இந்த வழியில சவரிமுத்து வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். சேற்றில் வண்டியைத் தள்ளிக் கொடுக்க வந்தவர்கூட உன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் தள்ளினார்.

மலைக்குப் போகிற அன்று அருள்மேரி வந்து நின்றாள். "நானும் வரேண்ணே. அவரு பேரு இருக்கற எடத்த நான் பாத்ததே இல்ல" என்றாள். இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

மேட்டடியில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி மேலும் கீழும் பார்த்தாள். "இதுதானா? இத்தினியூண்டு!" என்றாள். மாப்பிள்ளை, எனக்கு அந்த நிமிஷம் மனசு எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா? ஆனால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் ஏறினாள். உச்சியில் போய்ச் சும்மா நின்றாள்.

மலைக்காரர் பொன்னன் தேன்கூடையோடு அந்த வழியாக வந்தார். உனக்குச் சாமைச் சோறு போட்டவர். நீ இல்லை என்பதை அருள்மேரி அவரிடம் சொன்னாள். அவர் கூடையை இறக்கிவைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அவருக்காகத் தோள்ல கம்பி சொமந்துக்கிட்டு ஒருத்தரு வந்தாரே, அவரு சொகமா இருக்காருங்களா?" என்று கேட்டார். என்னிடமே கேட்கிறார்! "இருக்காரு, இருக்காரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அந்தக் கோபத்தில்தான் கியரைப் போட்டேன்.

முன் சக்கரங்கள் ஏறிவிட்டன. பின் சக்கரம் சரளையைத் தோண்டியது. சரியாக உன் கம்பி ஒடிந்த பாறையின் மேல் வண்டி திணறி நின்றது. எஞ்சின் அலறுகிறது, ஆக்ஸில் உறுமுகிறது, நகரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். காலை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் எடுத்தால் போதும், வண்டி பின்னால் இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. வாரக் கடைசியில் கடப்பாரையோடு ஆட்கள் வருவார்கள். மேடு போகும், இனிமேல் எவனும் என்னிடம் உன் பேரைச் சொல்ல மாட்டான்.

மேலே அருள்மேரி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து மனம் மாறினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். உன் பேரை அழிக்க வேண்டும் என்கிற ஆசையைவிட, நீ நின்ற இடத்தை நான் தாண்ட வேண்டும் என்கிற ஆசை ஒரு பிடி அதிகமாக இருந்தது. அவ்வளவுதான். அழுத்தினேன். கல் ஒன்று தெறித்துப் போய் விழுந்தது. சக்கரம் பிடித்துக்கொண்டது. உன் மேட்டின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மலை ஊர் வரைக்கும் நிற்காமல் போனேன்.

முதலாளி ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, மேடு இருக்கிறது, உன் பேரும் இருக்கிறது. தாண்டிப் போன எனக்கு அங்கே ஒரு கூழாங்கல்லுக்குக்கூடப் பேர் இல்லை. நிற்காமல் போகிறவனை யார் நினைத்துக்கொள்வார்கள்?

இப்படி வெந்துகொண்டிருந்தபோதுதான் கல்லறைத் திருநாள் வந்தது. உனக்கு மெழுகுவத்தி ஏற்ற வரதராஜன்பேட்டைக்குப் போக அருள்மேரியும் நானும் பெரம்பலூரில், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரி பஸ் ஏறினோம். அரியலூர் ரோட்டில் ஊர் எல்லையில் பஸ் நின்றது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டிக் கூவினார்: "ராயப்பன் போரு! ராயப்பன் போரு எறங்குறவங்கல்லாம் எறங்குங்க!"

நாலு பேர் சாதாரணமாக இறங்கிப் போனார்கள். அந்தக் கண்டக்டருக்கு என்னைத் தெரியாது. போரைப் பாதிக்கு மேல் மாடுகள் தின்றுவிட்டன. மீதி சாய்ந்து கிடந்தது. "அண்ணே, ஒம் பேருண்ணே!" என்று அருள்மேரி சிரித்தாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

யோசித்துப் பார், மாப்பிள்ளை. உன் மேட்டைப் பார்க்க மலை ஏற வேண்டும். என் போர் பஸ் நிற்கிற இடம். போகும்போதும் வரும்போதும் கண்டக்டரே கூவுகிறார். வைக்கோலை மாடு தின்னும், பேரைத் தின்னுமா?

முதல் தடவையாக உன்னைவிடப் பெரிய பேர் எனக்கு. அந்த நிமிஷமே இறங்கி ஓடிவந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் ஒரு பேரா மச்சான்?" என்று கேட்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் மாய்ந்தேன்? இப்போது பொறாமைப்பட நீ இல்லையே. தங்கை சிரித்துக்கொண்டிருக்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கரிப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நான் இருக்கிறவரை உன் மேட்டில் கடப்பாரை விழாது. ஆக்ஸில் தேய்ந்தால் மாற்றுவேன். ஒடிந்தால் மறுபடி தோளில் சுமந்து வருவேன். ஒவ்வொரு தடவையும் அங்கே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, "ராயப்பன் போரு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். உனக்குக் கேட்கட்டும். உனக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.

கம்பி சுமந்த உன் மச்சான்,
ராயப்பன்