கொஞ்சம் தள்ளி நில்லுங்க

என்னங்க,

மகன் வீட்டில் சௌகரியமாகத்தான் இருப்பீர்கள். நான் நம் பழைய விடுதிக்கே வந்திருக்கிறேன். சீசன் முடிந்துவிட்டது, கடற்கரையில் ஈ காக்கை இல்லை. டீக்கடைக்காரர் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் ஆசைப்பட்டது இதைத்தானே! கேமராவைத் தூக்கினால் போதும், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குறுக்கே வந்து நிற்பீர்கள். இப்போது மணல், அலை, கரையில் கவிழ்த்துப் போட்ட படகு எல்லாம் இடைஞ்சல் இல்லாமல் படத்தில் விழுகின்றன.

நீங்கள் கிளம்பிய அன்று வாசலில் நாம் சத்தமாகப் பேசிக்கொண்டதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

காலையில் படகைப் படமெடுக்கும்போது, பழக்கதோஷம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கத்திவிட்டேன்.

டீக்கடைக்காரர் பதறிப்போய், "நான் இங்கதானேம்மா இருக்கேன், யாரைச் சொல்றீங்க?" என்றார்.

"யாரையும் இல்லீங்க" என்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதற்கப்புறம் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் மனிதர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிறு வரை அறை இருக்கிறது. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் படகு பெரிதா, சிறிதா என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் தெரியும்.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
கேமராக்காரி