கரட்டில் செதுக்கிய மூன்று கூம்புகள்

காதுமடலில் செம்மண் ஒட்டியபடியே வீட்டுக்கு வரும் என் அப்பாவுக்கு,

தண்ணீர் வந்துவிட்டது அப்பா. மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். நம் லயத்துக்கு, இந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும், தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு வழி திறந்தது உங்கள் பிட், நீங்கள் பூமி துளைத்த அந்தப் பழைய இரும்பு.

போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போன முறை உங்களுக்கு எழுதியதைத் தலையணை உறைக்குள் கண்டெடுத்த அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "செத்தவங்களுக்கு எழுதிக்கிட்டே இருந்தா அவங்க போக முடியாம நிப்பாங்கடி" என்றார். அதிலிருந்து எனக்குப் பயம். நிற்கிறீர்களா அப்பா? என்னால்தான் போக முடியாமல் இருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்று ஒரு நாள் மட்டும் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நம் பீலியை நினைவிருக்கிறதா? மலையிலிருந்து மூங்கில் வழியாகக் கொட்டுமே, நீங்கள் வந்த அன்றெல்லாம் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பீர்களே, அதேதான். போன மழையில் மேலே மண் சரிந்ததோடு அது நின்றுபோனது. வெயில் வந்ததும் மஸ்கெலியா நீர்த்தேக்கமும் வற்றி, மூழ்கிய பழைய கோயில் தலை காட்டத் தொடங்கியது. அம்மாவும் மற்றவர்களும் கொழுந்து பறிக்க மலை ஏறும் முன்பே ஆற்றுக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். தோட்டத் தலைவர் அலையாத இடமில்லை. கடைசியில் குழாய்க் கிணறு துளைக்கும் லொறி வந்தது. வலப்பனைக்குப் போகிற வழியில் நமக்கு இரண்டே நாள் கொடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் போய்விடுவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எங்கே துளைப்பது என்று கேட்டபோது தோட்டத்தை நடத்துகிற துரை ஒன்றுதான் சொன்னார்: தேயிலைச் செடி ஒன்றுகூடப் போகக் கூடாது. தோட்டத்தில் செடி நிற்காத இடம் எது? வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், முன்பு ஒருமுறை சரிந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்களே, அந்த மொட்டைத் திடல். அங்கேதான் லொறியை நிறுத்தினார்கள். லொறியின் பிட்டுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நான் மனதுக்குள் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

இனி நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

பிட்டைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. மாதத்துக்கு ஒருமுறை வருவீர்கள், குளிப்பீர்கள், தூங்குவீர்கள். ஒருமுறை மட்டும் அந்தத் தேய்ந்த பிட்டை மூட்டையில் கட்டிச் சுமந்து வந்து, வாசல் இஸ்தோப்பில் கதவு சாத்திக்கொள்ளாமல் அண்டை கொடுத்தீர்கள். ஒரு இரும்புத் தலை, அதில் ஒன்றையொன்று பார்த்தபடி மூன்று கூம்புகள், கூம்பு முழுக்க நீள நீளப் பற்கள். அதைப் போய் ஏன் அவ்வளவு தூரம் சுமந்தீர்கள் அப்பா? எனக்கு விளையாட ஒன்றும் இல்லாத நாளில் அதைத்தான் சுற்றுவேன். இறுகிப்போன கூம்புக்கு என் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயை விடுவேன். நீங்கள் போன பிறகும் விட்டேன். அது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

கல் தூசி உங்கள் நெஞ்சை அடைத்த நாளிலிருந்து அம்மா வீட்டில் துளைக்கிற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆனால் இந்த வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது ஒரு இயந்திரத்தின் மாதிரி செய்யச் சொன்னார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? அம்மாவுக்குத் தெரியாமல் கறிக் கூடையிலிருந்து கரட்டை எடுத்து மூன்று கூம்புகள் செதுக்கினேன். தீக்குச்சியை உடைத்துப் பல் வைத்தேன். கம்பியில் கோத்து, இரும்புத் தலைக்குப் பதிலாக ஒரு சவர்க்காரக் கட்டியில் குத்தினேன்.

முதல் முறை சுற்றியதும் பற்கள் எல்லாம் மோதி உடைந்தன. மூன்று கூம்புக்கும் ஒரே இடத்தில் பல் வரிசை வைத்திருந்தேன். உங்கள் பிட்டின் முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தேன். ஒரு கூம்பின் பல் வரிசை, அடுத்த கூம்பின் பள்ளத்தில் போய் விழுகிறது. ஒன்றுக்கு ஒன்று வழி விட்டுக்கொண்டே, ஒன்றின் இடுக்கில் ஒட்டிய மண்ணை மற்றது வழித்தும் விடுகிறது. இன்னொன்றும் பார்த்தேன். மூன்று அச்சும் நடுவில் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. எங்கோ அடிபட்டுக் கோணிவிட்டது என்றுதான் நினைத்தேன். நூல் பிடித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே அளவு விலகி நிற்கின்றன! அடிபட்டதில்லை, யாரோ யோசித்து விலக்கி வைத்தது. நேராக இருந்தால் கூம்பு உருண்டு நசுக்க மட்டும் செய்யும். விலகியிருந்தால் உருண்டபடியே சுரண்டும். கல்லுக்கு நசுக்கு, களிமண்ணுக்குச் சுரண்டல். இது உங்களுக்குத் தெரிந்திருந்ததா அப்பா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லாமல் தூங்கினீர்கள்?

சோதித்துப் பார்க்க மண் தேடவில்லை. அம்மா பிசைந்து வைத்த ரொட்டி மா இருந்தது. குட்டைப் பல் வைத்த கூம்புகளை அதில் வைத்துச் சுற்றினேன். இரண்டு சுற்றில் மா அப்பிக்கொண்டு கூம்புகள் நின்றுவிட்டன. பிறகு சுற்றச் சுற்ற வழுக்கிக்கொண்டுதான் போயின. நீளப் பல்லை இடைவெளி விட்டு வைத்ததும் மா கத்தையாகக் கிளம்பி வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தார். "என்னடி இது, ரொட்டியில தீக்குச்சி? கறிக்கு வாங்குன கரட்டையும் காணோம். வீட்டுக்குள்ள என்ன எலிடி வளக்கிற?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது திடலுக்கு வாருங்கள்.

முதல் நாள் காலையில் கொஞ்சம் இறங்கிய இயந்திரம் பிறகு நகரவே இல்லை. முனகியது, அதிர்ந்தது, ஒரே இடத்தில் நின்றது. குழுவை நடத்துகிறவர் சுனில் பாஸ். அனுராதபுரம் பக்கத்து ஆள், நல்ல மனிதர், உடைந்த தமிழில் ஓயாமல் பேசுவார். அவர் ஊரில் இரண்டு முழம் தோண்டினால் பாறை. மலைநாடு என்றால் கேட்க வேண்டுமா? "கல். பெரிய கல். மெஷின் போறது இல்ல" என்றார். லயத்தார் எல்லாரும் தலையாட்டினார்கள். மலையில் கல் இல்லாமலா? யாருக்குமே சந்தேகம் வரவில்லை.

பிட்டை மேலே தூக்கினார்கள். அப்பா, அது ரொட்டி மா! சத்தியமாக. கூம்பே தெரியவில்லை, ஒரு பெரிய களிமண் உருண்டை தொங்கியது. தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். உள்ளே குட்டைப் பற்கள், மணி மணியாய், கல்லுக்குச் செய்தவை. ஒரு கூம்பு ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தட்டையாகத் தேய்ந்திருந்தது. உருண்டிருந்தால் சுற்றிலும் தேய்ந்திருக்கும். அது உருளவில்லை. மண் அப்பி நின்று இழுபட்டிருக்கிறது. கீழே கல்லே இல்லை.

வகுப்பில் எழுந்து பெயர் சொல்லவே நடுங்குகிறவள் நான். வீட்டுக்கு ஓடினேன். கரட் கூம்புகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பாஸ் முன்னால் நீட்டினேன்.

"துவே, இது என்ன? சாப்பிடவா?" என்றார். அவர் பாஷையில் மகளே என்று அர்த்தம்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா சும்மா இருப்பாரா? "கரட்ட வச்சுக் கெணறு தோண்டப் போறா! நாளைக்கு லீக்ஸ் தண்ட வச்சு ரோடு போடுவா, பாருங்க!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கை மட்டும் நிற்காமல் காட்டிக்கொண்டே இருந்தது. குட்டைப் பல் கூம்பை, பிட்டிலிருந்து கழுவி விழுந்த களிமண்ணிலேயே வைத்துச் சுற்றினேன். அப்பியது, நின்றது. நீளப் பல்லை வைத்தேன். சுரண்டியது. பாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குந்தினார். பிட்டின் தட்டையான இடத்தை விரலால் தடவினார்.

"அட, சரி. மண்தான். நான் கல்லு கல்லுன்னு..." என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். பிறகு முகம் வாடியது. "நீளப் பல்லு பிட் இங்க இல்ல துவே. யார்டுல இருக்கு. கொண்டு வாறதுக்குள்ள ரெண்டு நாளும் முடியும்."

"எங்க வீட்டுல ஒன்னு இருக்குங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அம்மாவை நினைத்தேன்.

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா அப்போதுதான் இறங்கி வந்தார். தலைவரே விஷயத்தைச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கரட்டைப் பார்த்தார், எலி யாரென்று தெரிந்துகொண்டார். வீட்டுக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவ்வளவுதான். புருசன் நெனப்பு. அத எப்படிக் குடுக்கும்?" என்றார் தலைவர்.

கதவு ஏன் சாத்திக்கொண்டது என்று எனக்குத்தான் தெரியும். அண்டை கொடுத்திருந்த பிட்டை எடுத்தால் நம் கதவு தானே சாத்திக்கொள்ளும்!

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் அதைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார் அம்மா. பாஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார். மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், அளவு பார்த்தார், ஒவ்வொரு கூம்பாகச் சுற்றினார். சுற்றியது. பாஸ் என்னைப் பார்த்தார், நான் என் தலைமயிரைத் தடவிக்கொண்டேன்.

"நோனா, உண்மை சொல்லணும். பழைய சாமான். ஒரு கூம்பு கழண்டு கீழ விழுந்தா இந்தக் குழியும் முடிஞ்சுது. பிட்டும் முடிஞ்சுது. விழாதுன்னு நான் சொல்ல மாட்டேன்." அம்மாவை அவர் நோனா, அம்மணி, என்றுதான் கூப்பிட்டார்.

"விழாதுங்க."

"எப்படித் தெரியும்?"

"எங்க மலைக் காத்துல நாலு வருசமா ஒத்தையா கதவப் புடிச்சுக்கிட்டு நிக்குது. இத்தன நாளு விடல, இன்னைக்கா விடப் போவுது?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தூசி பறக்குமா?"

"இல்ல நோனா. நாங்க தண்ணி விட்டுத் துளைக்கிறது. கூம்புக்கு நடுவுல ஓட்டை இருக்கு, பாருங்க. அதுல தண்ணி பாயும்."

அம்மா குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியுமா அப்பா? நீங்கள் துளைத்த இடங்களில் அந்தத் தண்ணீர் ஏன் இல்லை?

பிட் இறங்கியது. குழாய் ஒன்று போயிற்று, அடுத்ததைப் பூட்டினார்கள், அதுவும் போயிற்று! சிவப்பு மண் வந்தது, மஞ்சள் வந்தது, கத்தை கத்தையாய். லயத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், கூம்பு கழன்றால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது என்பதுதான் பெரிய பயம். சாம்பல் நிறச் சரளை வந்தபோது முனகல் மாறி கடகடவென்று அடித்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். பாஸ் உடனே இயந்திரத்தை நிறுத்தினார்.

"இப்ப கல்லு. உண்மைக் கல்லு" என்றார். "மேல எடுக்கிறோம்."

குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுத்தார்கள். கடைசியில் சேறு வழிய உங்கள் பிட் வெளியே வந்தது. பாஸ் சேற்றை வழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் பாஷையில் எண்ணினார்: "எக்காய்... தெக்காய்... துனாய்!"

மூன்றும் இருந்தன அப்பா! பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. ஆனாலும் மூன்றும் இருந்தன. நீங்களும் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்தீர்களா? முழுதாகத் திரும்பி வந்ததால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களா?

பிறகு பாஸ் தன் குட்டைப் பல் பிட்டை மாட்டினார். கல்லில் அது ராஜா. இன்று மத்தியானம், வெடித்த கல்லிடுக்கு ஒன்றை அது தொட்டதும் தண்ணீர் பொங்கியது. முதலில் சாம்பல், பிறகு பால் நிறம், பிறகு ஒன்றுமே இல்லாத நிறம். தலைவர் சட்டையோடு நனைந்தார். செல்லம்மா அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கரட்டு வாசம் வருதுடி, எங்க ராசாத்தி!" லயம் முழுக்கச் சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். பயந்தாங்கொள்ளி ரெஜினா எல்லாருக்கும் நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன்!

அம்மா அந்தப் புதுத் தண்ணீரில்தான் முதலில் உங்கள் பிட்டைக் கழுவினார். குடம் நிரப்பியதெல்லாம் அதற்குப் பிறகு.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது போர்வைக்கு வெளியே அம்மாவின் குரல். என் உயிரே போய்விட்டது.

"பெட்டரி செத்துரும், சீக்கிரம் முடி." போர்வை நுனியை விலக்கிப் பார்த்தார். பிறகு, "கூம்பு மூணும் பத்திரம்னு எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றேன்.

"சரி. எழுதுனா எழுது. நின்னாலும் பரவால்ல."

கேட்டீர்களா அப்பா? நிற்கலாமாம்.

அதனால் உங்களிடம் ஒரு வாக்கு. கணிதம் படித்து, மேலே களி, கீழே கல் என்று கிடக்கும் நம் மலைக்காகவே ஒரு பிட் வரைவேன். நீளப் பல்லும் மணிப் பல்லும் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ரொட்டி மாவில் தொடங்கிவிட்டேன். தண்ணீர் பாயும் ஓட்டையைத்தான் முதலில் வரைவேன். நான் வரையும் பிட்டைப் பிடித்துத் துளைக்கிற எந்த அப்பாவும் நெஞ்சில் தூசியோடு வீட்டுக்கு வர மாட்டார். காதுமடலில் கொஞ்சம் மண் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது.

கதவுக்கு இப்போது கல் வைத்திருக்கிறோம். உங்கள் பிட் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது.

நாளைக்கும் அதற்கு எண்ணெய் விடப்போகும்,
உங்கள் மகள் ரெஜினா