படகுக்காரி என்ன சொன்னாள்?

ஜனவரி 9, செவ்வாய்

வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை இன்று நானே வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது முதல் வரி மறந்துவிட்டது. மறுபடி மேலே போய் வாசித்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணி. படகுக்காரி படம். அங்கத்தினர்கள் கேட்டதால் திரும்பப் போடுகிறார்கள். இந்த முறையிலிருந்து எல்லாப் படத்துக்கும் அடியில் மலையாள எழுத்து ஓடுமாம்!

பதினான்கு வருடம் முன்பு எங்கள் பிலிம் சொசைட்டி தொடங்கியபோது போட்ட முதல் படம் அது. ஏதோ குளிர்நாட்டுப் படம். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அதுதான் படம்.

நேரே நாணுவிடம் போய்ச் சொன்னேன். புட்டு பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"மலையாளத்துலயா? யார் கேட்டா அதை?"

"நல்லதுதானேடா. நானும் படிக்கலாம். உனக்கும் தொண்டை மிச்சம்."

"எனக்கு முட்டி வலி. சனிக்கிழமை பார்க்கலாம்."

நாணு யார் என்று எழுதி வைக்க வேண்டும். முதியோர் எழுத்து வகுப்பில் இந்த நோட்டைக் கொடுத்த ரெஜிதா டீச்சர் அப்படித்தான் சொன்னார், தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டுமாம். பீடிக் கம்பெனியில் நாங்கள் பீடி சுருட்டுவோம், நாணு நடுவில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பான். அவன் பங்கு பீடியை நாங்கள் சுருட்டிக் கொடுப்போம். இருபத்தாறு வருடம் உலகச் செய்தி எல்லாம் எனக்கு அவன் குரலில்தான் வந்தது. அதனால் எழுத்துப் படிக்க அவசரமே தோன்றவில்லை. சொசைட்டியிலும் அதே வழக்கம். வெளிநாட்டுப் படத்தில் ஏதோ பாஷையில் எழுத்து ஓடும், நாணு என் காதில் சொல்லுவான்.

இதை எழுத ஒன்றரை மணி நேரம். கை வலிக்கிறது. சந்தோஷம்.

ஜனவரி 11, வியாழன்

டிவி செய்தியில் கீழே ஓடும் எழுத்தைத் துரத்திப் பழகினேன். வாலைத்தான் பிடிக்க முடிகிறது.

ஜனவரி 13, சனி

நாணு வரவில்லை. என் பக்கத்து நாற்காலியில் யாரோ குடையை வைத்தார்கள். எடுக்கச் சொன்னேன்.

படம் பார்த்தேன். பாதி வரிகள் ஓடிப் போயின. பாதி கிடைத்தன.

இப்போது எழுத முடியவில்லை. நாளை.

ஜனவரி 14, ஞாயிறு

நாணு எனக்குச் சொன்ன கதை இது. ஒருவன் மரப்பெட்டியோடு தினமும் அவள் படகில் ஏறுகிறான். அவன் சண்டைக்குப் போய்த் தொலைந்த அவள் புருஷன். அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் தெரியாதவள் போலக் கூலி வாங்கி அவனைத் தண்டிக்கிறாள். கடைசியில், "தாடியை எடுத்துட்டு வா, சோறு போடறேன்" என்கிறாள். அந்த இடத்தில் நான் அழுதிருக்கிறேன்.

நேற்று நான் படித்த கதை. அவன் புருஷனே இல்லை. ஆற்றை அளக்க வந்த அரசாங்க ஆள். பெட்டியில் இருப்பது அளக்கிற கருவி. அங்கே பாலம் வரப்போகிறது, படகு வேண்டாம். கடைசியில் அவள், "கூலி வேண்டாம். பாலத்துக்கு என் பேரை வெச்சுடாதீங்க" என்கிறாள்.

சோற்றுப் பேச்சும் இல்லை, தாடிப் பேச்சும் இல்லை. தாடி அவன் முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன்டா நாணு? ஏன் இப்படிப் பண்ணின? நான் உன் குரலை நம்பினேனே. பேப்பர்ல வந்ததும் இப்படித்தானா? நான் கேட்ட தேர்தல் எல்லாம் நடந்ததா இல்லையா?

காலையில் வேறொன்று தோன்றியது. படகில் அவன் சாப்பிட்ட தட்டை அவள் மூன்று தடவை கழுவுகிறாளே. நாணு கதையில் அதற்குக் காரணம் உண்டு, அது புருஷன் தட்டு. பாலத்துக் கதையில் எதற்காகக் கழுவுகிறாள்? தெரியவில்லை. ஒரே முகம், ஒரே படகு, இரண்டு கதையும் பொருந்துகிறது. இது எப்படி?

ஜனவரி 16, செவ்வாய்

சாயாக் கடையில் சொசைட்டிக் கூட்டம். அஷ்கர் என்ற கல்லூரிப் பையன் வழக்கம்போலப் பழைய படங்களைக் கழுவி ஊற்றினான்.

"பழைய படத்துல எல்லாரும் நின்ன இடத்துலயே நின்னு பேசறாங்க. கதாநாயகி அழறதுக்குள்ள நான் ஒரு சாயா குடிச்சுட்டு வந்துடலாம்."

"உங்க புதுப் படத்துல யாரு பேசறா? எல்லாரும் இருட்டுல முனகறாங்க. டார்ச் எடுத்துட்டுப் போகணும்" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு அஷ்கர் என் பக்கம் திரும்பினான். என்னை ஏட்டா என்பான், அண்ணா என்று அர்த்தம். "ஆனா கண்ணாரேட்டா, படகுக்காரி படத்துக்கு நீங்க அன்னிக்குச் சொன்ன விளக்கத்தை எங்க அப்பா இன்னும் சொல்வார். அந்த ஆபீசரை அவ தொலைஞ்சு போன புருஷனாவே பார்க்கறான்னு சொன்னீங்களாமே. எழுத்துல இல்லாததை எப்படிப் பிடிச்சீங்க?"

கிளாஸைக் கீழே வைத்தேன். பதினான்கு வருடம் முன்பு படம் முடிந்ததும் எழுந்து நின்று நாணு சொன்ன கதையைத்தான் சொன்னேன். அவர்கள் அதை ஆழமான விளக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டியிருக்கிறார்கள்!

"அப்ப எந்த பாஷையில எழுத்து ஓடிச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"இங்கிலீஷ்லதான். வேற எதுல?"

ஓ.

நாணு படித்தது எட்டாம் வகுப்பு. இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான்.

ஜனவரி 19, வெள்ளி

மீன் மார்க்கெட்டில் நாணு. என்னைப் பார்த்ததும் கல்லும்மக்காய்ச் சிப்பி விற்கிறவளிடம் எதையோ நீளமாக விசாரித்தான். நான் போகும்வரை திரும்பவில்லை. அவனுக்குக் கல்லும்மக்காய் ஆகாது, உடம்பு தடித்துவிடும்.

இனி சொசைட்டிக்கு வரமாட்டான் என்று நினைக்கிறேன். தனியாக உட்கார்ந்து படம் பார்க்க வேண்டுமென்றா எழுத்துப் படித்தேன்?

ஜனவரி 21, ஞாயிறு

போனேன். நாணு வீட்டுக்குக் கோபத்தோடுதான் போனேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்விதான் வாயில் வந்தது.

"நாணு, அந்தத் தட்டை எதுக்குடா மூணு தடவை கழுவறா?"

முட்டியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சொன்னான். "அதை வெச்சுத்தான் புருஷன்னு சொன்னேன். வேற எதுக்கு ஒருத்தி அப்படிக் கழுவுவா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கம்பெனியில நாற்பது பேருக்கு வாசிச்சவன் நான். படம் ஆரம்பிச்சு ரெண்டாவது நிமிஷம், என்ன சொல்றா என்ன சொல்றான்னு நீ கேக்கற. எழுத்து ஓடுது. ஏதாவது சொல்லணுமா இல்லையா?"

"பேப்பரு?"

"பேப்பர்ல ஒரு எழுத்து மாத்தியிருந்தா என் நாக்கு அழுகட்டும்!" அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "பேப்பர் மலையாளம்டா. அது வேற. சத்தியமா வேற."

நம்பினேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

பிறகு அவன் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

"நீயாவது படம் பார்த்த. பதினாலு வருஷத்துல நான் ஒரு படமும் பார்க்கலடா. தெரிஞ்ச வார்த்தை ஏதாவது வருமான்னு கீழ அந்த வெள்ளை எழுத்தையே பார்த்துட்டிருந்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பேன், உனக்கு ஒண்ணு சொல்லுவேன், மறுபடி கீழ."

"சனிக்கிழமை வா. இனிமேதான் மலையாளமாச்சே."

"வரல. உனக்கே படிக்கத் தெரியுது. நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

வாசல்வரை வந்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜனவரி 24, புதன்

பதினான்கு வருடத்துப் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் செவிட்டு மணியடிப்பவன், உண்மையில் செவிடுதானா? ரயிலில் அழுத பெண் பல்வலியில் அழுதாளோ? எல்லாவற்றையும் மறுபடி பார்க்க ஆசை. கோபத்தைத் தேடினேன், அகப்படவில்லை.

ஜனவரி 27, சனி

விளக்கு அணைந்த பிறகு பக்கத்து நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கற்பூரத் தைல வாசனை. நாணு.

"முட்டி?"

"அது கிடக்கு. எனக்கு இன்னிக்குப் படம் பார்க்கணும். எழுத்தை நீ பார்த்துக்க."

போன வருடம் வந்த புதுப் படம். அக்காவும் தங்கையும், அப்பா விட்டுப்போன ஆப்பிள் தோட்டத்தை விற்கலாமா வேண்டாமா என்று சண்டை. முதல் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்துச் சொன்னேன். இரண்டாவது வரியில் பாதி. நிமிர்ந்தால் அக்கா ஐந்தாவது வரியில் இருக்கிறாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள்.

"என்ன சொன்னா?" என்றான் நாணு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ன சொல்ல? தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டம் வேணாம், நீ ஊருக்குத் திரும்பி வந்தா போதும்னு சொல்றா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பயம் கூட வரவில்லை. நாணு இருட்டில் உட்கார்ந்து என்ன பாடுபட்டிருப்பான் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதற்கப்புறமும் ஏழெட்டு வரி அப்படித்தான் போயிற்று. அவன் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, திருவிழா பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து பேச்சு தொடங்கியதும் நாணு கை தூக்கினான். அவன் சொசைட்டியில் வாய் திறந்ததே இல்லை.

"அந்தத் தங்கச்சி ஜன்னலைப் பார்த்துட்டே இருக்காளே, அங்க வெளிய ஒண்ணுமே இல்ல, பனிதான். ஒண்ணுமில்லாததை ஒருத்தி அவ்வளவு நேரம் பார்க்கறதைப் பழைய படத்துல நான் பார்த்ததில்லை" என்றான். உடனே அஷ்கர், "நாணுவேட்டனும் புதுப் பட ஆளாயிட்டாரு!" என்று மேசையைத் தட்டினான்.

வீட்டுக்கு நடக்கும்போது மனம் உறுத்தியது. "நாணு, அந்த ஜன்னல் கிட்ட அவ சொன்னதா நான் சொன்னேனே..."

"அவ நெசமா சொன்னது, 'வித்துட்டு என் பங்கைக் குடு'ன்னு. ஒரு தடவை குனிஞ்சு கீழ எழுத்தைப் பார்த்தேன்."

நான் நின்றுவிட்டேன். அவன் இரண்டடி முன்னால் போய்த் திரும்பினான்.

"வாடா. எட்டாத வரி வந்தா என் தொடையில ஒரு தட்டுத் தட்டு. அதை மட்டும் நான் குனிஞ்சு பார்த்துச் சொல்றேன். மத்ததெல்லாம் உன் பாடு."