வெள்ளோட்டத்தில் கைப்பிடி பிடித்தவள்

அனுப்புநர்:
மாரக்காள் (வயது 43),
க/பெ. கன்னையன்,
உறுப்பினர், உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கம்,
புளியோடை அணை, குண்டடம் வழி,
தாராபுரம் வட்டம், பெரியார் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத்துறை அலுவலகம்,
ஈரோடு.

பொருள்: புளியோடை அணையில் ஆடிப்பெருக்கு அன்று நடந்த படகு மோட்டார் வெள்ளோட்டத்தில் நீர்மட்ட அளவுக்கல் உடைந்தது – குற்றமற்ற படகு ஓட்டுநர் திரு. சுடலை மீது அறிக்கை அனுப்பப்பட்டது – உண்மையில் ஓட்டியவர் முன்வந்து முறையிடுவது – தொடர்பாக.

பார்வை: அணைப் பிரிவு அலுவலரின் அறிக்கை, நாள்: 05.08.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து, பதினேழு வருடங்களாகப் புளியோடை அணையில் மீன் பிடித்து வருகிறேன். முதல் ஒன்பது வருடம் பரிசல், பிறகு சங்கத்துத் துடுப்புப் படகு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் இம்மனுவை என் கைப்படவே எழுதுகிறேன். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். நான் சொன்னதில் பாதி வேண்டாதது என்று அவர் அடித்துவிட்டார். நடந்தது முழுவதும் அவர் அடித்த பாதியில்தான் இருந்தது. ஆகவே தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மனு நீண்டிருப்பதற்கு மன்னிக்க வேண்டுகிறேன்.

2. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைத் தாங்கள் அறிவீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் மேல்காற்று அணையின் நீளவாக்கில் அடிக்கும். கரையிலிருந்து மேல்கோடி ஒன்றேகால் மைல். மீன் நிற்பது அங்கே. ஆனி பாதியிலிருந்து ஆவணி வரை துடுப்பு போட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர் எங்களில் யாரும் இல்லை. பத்து வருடம் முன்பு முயன்று பார்த்தவள் நான். மேல்கோடியை நெருங்கும் நேரம் பரிசல் சுழன்று சுழன்று என்னை விட்டு வந்த வழியே போய்விட, கருவேல மரமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் நின்றேன். சங்கத்தின் பழைய இரண்டு குதிரைத்திறன் மோட்டாரோ அந்தக் காற்றில் சத்தம் மட்டும் போடும், படகு நின்ற இடத்தில் நிற்கும். அதனால் வருடா வருடம் இரண்டரை மாதம் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஹெல்பராகப் போவது எங்கள் வழக்கம்.

3. திரு. சுடலை திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். தூத்துக்குடியில் படகு மோட்டார் பட்டறையில் வேலை பழகியவர். பிழைப்புக்காக வீரபாண்டிக்கு வந்து ஆறு வருடம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் பிட்டராக இருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இனி அந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, மூன்று வருடமாக எங்கள் சங்கத்தின் படகு ஓட்டுநராக இருக்கிறார். ஆடி மாதத்திலும் மேல்கோடிக்குப் போகலாம், எட்டுக் குதிரைத்திறன் இருந்தால் போதும் என்று சொன்னவர் அவரே. தான் பழகிய பட்டறையிலேயே பழைய மோட்டார் ஒன்றைப் பிடித்து வந்து, நாற்பது நாள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் துணி கொண்டுவந்து துடைத்தே தீர்த்தார். அந்தப் பாரம் தாங்கும்படி படகின் பின்பலகைக்குத் தேக்குப் பலகை வைத்துத் தைத்தார். வெள்ளோட்டத்துக்குச் சங்கத் தீர்மானமும் தங்கள் அலுவலக அனுமதிக் கடிதமும் உண்டு. அக்கடிதத்தில் ஓட்டுநர் என்று சுடலை பெயர் மட்டுமே இருந்ததையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. ஆடிப் பதினெட்டு அன்று காலை பத்து மணிக்குக் காற்று நன்றாக ஏறியிருந்தது. அதற்காகவே காத்திருந்தோம். மீன் பாரத்துக்குப் பதிலாக நான்கு மணல் மூட்டைகளைப் படகில் ஏற்றினோம். சங்கச் செயலாளர் திரு. வெள்ளியங்கிரி கைக்கடிகாரத்தோடு கரையில் நின்றார். விதைப்பானாலும் புது வலையானாலும் கைராசி உள்ளவரை முதலில் தொடச் சொல்வது எங்கள் ஊர் முறை. என் கைக்கு ராசி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு, நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆகவே என்னையும் படகில் ஏற்றினார்கள். கயிற்றை நான் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

5. ஐயா, இனி எழுதுவதைத்தான் மனு எழுதுபவர் முதலில் அடித்தார். சுடலை கைப்பிடியை முறுக்கியதும் படகின் மூக்கு எழுந்தது. எனக்கு முன்னால் தண்ணீர் தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. கவிழப் போகிறோம் என்று பலகையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூக்கு மெல்ல இறங்கியது. படகு தண்ணீருக்குள் போகவில்லை, தண்ணீரின் மேல் போயிற்று. அடியில் தட்டிய தண்ணீர் கல் பாவிய தடம் போலக் கெட்டியாக இருந்தது. பதினேழு வருடமாகத் தண்ணீரை நான் கனமாகவே அறிந்தவள். என் இரண்டு தோளும் அதற்குச் சாட்சி. அந்தக் கனம் எங்கே போயிற்று என்று குனிந்து பார்த்தேன். பின்னால் திரும்பினால், எங்களுக்குப் பின்னே வெள்ளையாக ஒரு கோடு கரை வரைக்கும் நேராகக் கிடந்தது. காற்று எப்போதும் போலத்தான் அடித்தது. சேலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஆனால் எங்களைத் தடுக்க அதனால் முடியவில்லை. என் ஆயுளில் அந்தக் காற்று தோற்று நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை. மேல்கோடிக் கருவேல மரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். நான் கட்டிப்பிடித்து நின்ற மரமும் அங்கே இருந்தது. அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினோம். போய்ச் சேர ஏழு நிமிடம் என்று வெள்ளியங்கிரி குறித்திருக்கிறார். அவர் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டாராம்.

6. திரும்பி வருகையில், கரை கூப்பிடு தூரத்துக்கு வந்ததும், வெள்ளியங்கிரி துண்டை ஆட்டி, "ஏனுங்க மாரக்கா, கைராசிக்காரி நீங்க பிடிச்சு ஓட்டாம வெள்ளோட்டம் முடிஞ்சதாச் சொல்ல முடியாதுங்க" என்று கத்தினார். சுடலை தயங்கினார். நான்தான் கேட்டேன். ஆசையாக இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்யாகும். அவர் வேகத்தைக் குறைத்து, இடம் மாறி உட்கார்ந்து, "பயப்படாதிய யக்கா, நா பக்கத்துலயே இருக்கேன்" என்று கைப்பிடியைத் தந்தார். அதை இடக்கையால் பிடித்து, வலப்பக்கம் உட்கார வேண்டும். அந்த மோட்டாரின் நடுக்கம் முழங்கை வழியாக என் பல் வரைக்கும் வந்தது. இவ்வளவு பெரிய பலம் என் ஒரு கைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று நினைத்து, கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன். மோட்டார் உடனே சொன்னபடி கேட்டது.

7. அளவுக்கல் இடப்பக்கம் சற்று முன்னால் இருந்தது. விலகிப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்ப வலக்கயிற்றை இழுக்க வேண்டும் என்பது மாட்டு வண்டியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. நான் கைப்பிடியை வலப்பக்கமாக, என் பக்கம் இழுத்தேன். இந்த மோட்டாரோ கைப்பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் படகை எதிர்ப்பக்கம் திருப்புவது. படகு கல்லை நோக்கித் திரும்பியது. மாடு சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்; இன்னும் பலமாக இழுத்தேன். இழுத்த இழுப்பில் கை முறுக்கவும் முறுக்கியது. சுடலை பாய்ந்து மோட்டாரை நிறுத்தியிராவிட்டால் கல்லோடு நாங்களும் போயிருப்போம். பதினான்காவது அடிக் குறியில் கல் முறிந்தது. யாருக்கும் காயமில்லை. நல்ல காரியத்துக்கு இடக்கை வைத்ததால் வந்த வினை என்று வெள்ளியங்கிரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது தவறு. கைப்பிடியைத் தரும்போதே சுடலை எனக்கு இரண்டு முறை விளக்கிச் சொன்னார். மோட்டார் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

8. சத்தம் கேட்டு வந்த அணைப் பிரிவு அலுவலர், யார் ஓட்டியது என்று கேட்டார். என் வாயிலிருந்து சொல் வரவில்லை. பயத்தால் என்று எழுதினால் தாங்கள் இரங்கக்கூடும். ஆனால் அது உண்மையில்லை. என் உடம்பு கரையில் நின்றதே தவிர, நான் இன்னும் மேல்கோடியில் இருந்தேன். கண் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த சுடலை, "நாந்தான் சார் ஓட்டுனேன். எம்மேல எழுதிக்கிடுங்க" என்றார். அலுவலர் அப்படியே எழுதிக்கொண்டார். அவர் கேட்டதை அவர் எழுதினார், அவர் மேல் எனக்குக் குறையில்லை. மறுநாள் சுடலையிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "பொம்பள பேர ஸ்டேஷனுக்குக் கொண்டு போவாங்களா யக்கா? வாயத் தொறக்காதிய" என்றுவிட்டார். நானும் திறக்கவில்லை. அதற்குப் பெயர் பயம்தான்.

9. அறிக்கையில் ஓட்டுநர் மிதமிஞ்சிய வேகத்தில், கவனக்குறைவாக ஓட்டினார் என்றும், இவ்வளவு பலமுள்ள மோட்டார் இந்த அணைக்கு ஒவ்வாது என்றும் கண்டிருக்கிறது. மோட்டார் அணைக் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது. சுடலையின் ஓட்டுநர் அட்டையைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வரும் 26ஆம் தேதி தங்கள் முன் விசாரணை. அட்டை ரத்தானால் அவருக்கு இங்கே வேலையில்லை. இப்போதே பத்து நாளாக வீரபாண்டியில் அதே கம்பெனிக்கு, அதே தூசிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இருமல் திரும்பிவிட்டது என்று அவர் மனைவி செல்லத்தாய் சொல்லியனுப்பினார். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

10. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது யாதெனில்: அறிக்கையில் சுடலை பெயரை நீக்கி என் பெயரைச் சேர்த்து, எந்த நடவடிக்கையானாலும் என்மேல் எடுக்க வேண்டும். அவருடைய அட்டையை விசாரணை நாளுக்கு முன்பே திருப்பித் தர வேண்டும். உடைந்த கல்லை நாங்களே சங்கமாகச் சேர்ந்து நட்டுத் தருகிறோம். மோட்டாரை விடுவிக்க வேண்டும். பழுது மோட்டாரில் இல்லை, மாட்டுக் கயிறு பழகிய கையில்தான். மோட்டார் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆடிக் காற்று ஓயும் முன் தாங்களே ஒரு முறை வந்து முன்பலகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுகிறேன். சுடலை ஓட்டுவார். நான் கரையில் நின்றுகொள்கிறேன். திரும்பி இறங்கியதும் தங்களிடம் யாராவது ஏதாவது கேட்டு, தங்களுக்கும் உடனே பதில் வராமல் போனால், நான் அன்று பேசாமல் நின்றதை மட்டும் மன்னித்தால் போதும்.

11. எனக்கு எழுதத் தெரியும் என்பதால் கீழே வலக்கையால் கையொப்பம் இட்டிருக்கிறேன். ஆனால் அன்று கைப்பிடியைப் பிடித்தது வலக்கை அல்ல. பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்ல இடமில்லாதபடி, பிடித்த கையின் ரேகையையும் அருகிலேயே பதித்திருக்கிறேன்.

இடம்: புளியோடை அணை
நாள்: 20.08.1993

இப்படிக்கு,
உண்மையுள்ள,
க. மாரக்காள்

(இடது பெருவிரல் ரேகை)