இரண்டாவது பாட்டிலில் பூஞ்சை

ஜூன் 9

அன்புள்ள நண்டுக்கு,

ஜெல் காய்ச்சியபோது அடுப்படியில் இருந்தவர்கள்: நான், தராசைப் பிடித்த சின்னவள், "இது மூஞ்சிக்கா, சாப்பாட்டுக்கா?" என்று இரண்டு முறை எட்டிப் பார்த்த உன் அத்தான். பெரியவன் தூங்கினான், அவன் கணக்கில் இல்லை. நோட்டிலும் இப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆளிவிதையைக் கொதிக்கவிட்டு, சூட்டோடு துணியில் வடிகட்டி, ஆறியதும் ஏழு முறை கழுவிய கற்றாழைச் சோற்றை அடித்துக் கலந்தேன். இரண்டு பாட்டில், அரை அரை கிலோ. ஒன்று, இரண்டு என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஒன்றில் கெடாமலிருக்கும் தூளைப் போடு, இரண்டாவதில் போடாதே, எது பூஞ்சை பிடிக்கிறதென்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். உன் உயிரியல் பாடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கெடப்போவது தெரிந்தே ஒரு பொருளைப் பிள்ளைகள் கைக்கு அனுப்புவதா? பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலும் அதுவே முள்ளாகக் குத்துகிறது.

அத்தான் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவார். நேரத்துக்குச் சாப்பிடு. ஆய்வு ஆய்வு என்று எலும்பும் தோலுமாகிவிட்டாய்.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டில்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அத்தான் பள்ளி வாட்ச்மேனிடம், "வெடிகுண்டு இல்லப்பா, அழகு மருந்து" என்று சொல்லிக் கொடுத்தாராம். இப்போது அவர் தினமும் எனக்கு இரட்டை வணக்கம் வைக்கிறார்.

நாற்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு கண்ணாடித் தட்டில், பாட்டிலுக்கு ஒன்றாக, ஜெல்லை ஊற்றிக் கொடுத்தேன்.

"மிஸ், பூஞ்சை என்னிக்கு வரும்?"

"ரெண்டாவது தட்டுல ஆறாம் நாள் வந்துரும்."

"வரலைன்னா?"

"வராம எங்கடா போகும்?"

பார்த்துப் படித்தால் மனதில் நிற்கும் என்பதுதான் என் ஆய்வு. எட்டு வருடமாக இழுக்கும் ஆய்வேடு, அக்கா. இந்த முறையும் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று கைடு சொல்லிவிட்டார். எனக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

உன் நண்டு


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். முப்பத்தொன்பது பேர், ஆறாம் நாள் இரண்டாவது தட்டில் வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் "ஒன்றும் இல்லை" என்று எழுதிப் படம்கூடப் போடாமல் விட்டிருந்தாள். கவனமில்லை என்று ஐந்து மார்க் குறைத்தேன். அழுதாள், ஆனால் மாற்றி எழுத மாட்டேன் என்றாள். என்ன பிடிவாதம் பார்.

நன்றியுரையில் முதல் வரி உனக்குத்தான். ஜெல் தயாரித்த நோட்டுப் பக்கத்தைத் தேர்வாளர் பார்க்க வேண்டுமாம். உன்னைப்போல் யார் எழுதி வைப்பார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அனுப்பிவிடு.

உன் நண்டு


ஆகஸ்ட் 7

அன்புள்ள நண்டுக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் போனது. அன்றைக்கு இரண்டு பாட்டிலிலும் தூள் போட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை. எவளாவது ஆசைப்பட்டு முகத்தில் தடவிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். நோட்டில் இருக்கிறது: பாட்டில் ஒன்று, ஒன்றரை கிராம், பாட்டில் இரண்டு, ஒன்றரை கிராம். உனக்கு மட்டும் சொல்லவில்லை. கொஞ்சம் தாமதமாகக் கெடும், பாடம் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

எதைக் காய்ச்சினாலும் ஒரு கரண்டி எடுத்து அலமாரியில் வைப்பது என் வழக்கம். இரண்டும் இன்றுவரை கண்ணாடியாக இருக்கின்றன. அப்படியானால் அந்த முப்பத்தொன்பது பேரும் என்ன பார்த்தார்கள்? நீ பார்த்தாயா?

உன் அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

நான் பார்க்கவில்லை. அந்த ஆறாம் நாள் அடுத்த வகுப்பையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் பெஞ்சுப் பையன் "இருக்கு மிஸ்" என்றான். பக்கத்திலிருந்தவனுக்கும் தெரிந்தது. பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. வராமல் எங்கே போகும் என்று சொன்னவள் நான்தானே. மறுநாள் தட்டுகளைக் கழுவக் கொடுத்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி வாய்மொழித் தேர்வு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக எழுதி அனுப்பு. பாட்டில் இரண்டுக்கு எதிரே ஒன்றரை கிராமுக்குப் பதில் ஒரு கோடு போட்டால் போதும். நான் கேட்டதை நீ செய்திருந்தால் இன்று இதைக் கேட்கும் நிலை எனக்கு வந்திருக்காது. புண்ணியம் உனக்கு, தண்டனை எனக்கா?

நண்டு


ஆகஸ்ட் 17

அன்புள்ள நண்டுக்கு,

நீ கேட்டது நியாயம்தான். குற்றம் என்னில் தொடங்கியது.

புதுப் பக்கம் எடுத்தேன். தேதி போட்டேன். இருந்தவர்களை எழுதினேன். பாட்டில் இரண்டு என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. "ஒரு கோடுதானே, போட்டுட்டு வந்து படு" என்றார் அத்தான். சின்னவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மா, ரெண்டுலயும் போட்டோமே. நான்தான தராசைப் பிடிச்சேன்" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை.

பழைய பக்கத்தை அனுப்பினால் உன் எட்டு வருடம் போகும். புதுப் பக்கத்தை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் சின்னவளுக்குப் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். கும்பிட்டுக் கும்பிட்டுப் பார்த்தேன். இரண்டு தாளும் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் கிடக்கின்றன. எடுக்கவும் கை வரவில்லை, கிழிக்கவும் வரவில்லை.

எதை அனுப்பட்டும் என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நீ சொன்னால் செய்துவிடுவேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேறொன்று கேட்கிறேன். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு அந்த ஐந்து மார்க்கைத் திருப்பிப் போட்டுவிட்டாயா?

ஒரு வரி போதும். இருபத்தாறுக்கு முன்னால் பதில் எழுது.

உன் அக்கா