அப்பாவிடம் மிஞ்சிய சொல்

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. ஹல் நகரத்துக் குளிரில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? இங்கே நான் நலம் என்று எழுதினால் பொய். நடமாடுகிறேன், அவ்வளவுதான்.

உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கவாதம் வந்த வலது கையும் காலும் இன்னும் வசத்துக்கு வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது: "பாட்." ஊரே கேட்கக் கத்திப் பழகிய வாய்க்கு இந்தக் கதி.

போயும் போயும் இந்தச் சொல்லா மிஞ்ச வேண்டும்? நம் இங்கிலீஷைச் செய்தவன் மகா கஞ்சன். தேநீர்க் கெண்டியும் பாட், ஜாம் ஜாடியும் பாட், ஜன்னலோரப் பூந்தொட்டியும் பாட், கூரைமேல் புகைபோக்கியின் தலையும் பாட், ராத்திரி அவசரத்துக்குக் கட்டிலுக்கடியில் வைப்பதும் அதே பாட். பார்க்க வந்த உன் அத்தை எடித், அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தேநீரைத் தட்டிவிட்டார். கட்டிலடிப் பாத்திரத்தை நீட்டினாள். அவர் பார்த்த பார்வையில் மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்கு முதல் நாளே தெரியும். நண்டு பிடிக்கும் கூடும் நமக்குப் பாட்தானே, கடலில் கிடக்கும் அந்த நண்டுக்கூடுகளைத்தான் சொல்கிறார். அவர் விழுந்த அன்று காலையில் போட்டவை, இன்னும் முனைக்கு அப்பால் அப்படியே கிடக்கின்றன. மாதக் கடைசியில் பெரிய அலை எழும்பினால் பாறையில் மோதி நொறுங்கிவிடும். குளிர்காலம் முழுக்க அவர் உட்கார்ந்து பின்னியவை. அவையும் போனால் அந்த மனுசர் எதற்காக எழுந்து நடக்கப் பார்ப்பார்?

நம் கரை வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருவன் போட்ட கூட்டை இன்னொருவன் தொட்டால் திருட்டு. போட்டவன் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் அவன் பெற்ற ரத்தம் போய்த் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டு எட்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, தலையை மட்டும் ஆட்டுங்க. இன்னிக்கே போய் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடறேன்" என்றான். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மனுசன் படுத்தாலும் பிடிவாதம் படுக்கல, அண்ணி" என்று சொல்லிவிட்டு எட்வின் போனான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெத்தது ஒண்ணே ஒண்ணு. அது ஆசையா படகுல ஏறினா, பொம்பள கால் பட்டுடுச்சுன்னு அன்னிக்குக் கடலுக்கே போகாம, ஊர் பார்க்கப் படகைக் கழுவுனீங்களே! இப்ப யாரு போய்த் தூக்குவா?" என்று கேட்டேவிட்டேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் நீ அழுதுகொண்டே பஸ் ஏறியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியைக் காட்டி "பாட்" என்றார். அங்கே தொங்குவது, கடலுக்குப் போட்டுக்கொண்டு போக உன் முதல் சம்பளத்தில் நீ உனக்கென்று வாங்கிய எண்ணெய்த்துணி அங்கி. எடுத்துக் கொடுத்தேன். தோள்பட்டை எல்லாம் வறண்டு வெடித்திருந்தது. தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் ஆளிவிதை எண்ணெய் டப்பாவையும் கை காட்டி வாங்கிக்கொண்டார். அங்கியை மடியில் போட்டுக்கொண்டு இடது கையாலேயே தோள், கை, கழுத்துப்பட்டை என்று சாயங்காலம் வரை தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அதே சொல்தான். ஆனால் குரல், நீ சின்னவளாக இருந்தபோது உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, அந்தக் குரல். "ஹெஸ்டரா? நம்ம படகுலயேவா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். எட்வினுக்கு ஆட்டாத தலை.

உன் கோபம் நியாயமானது. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் சொல்ல மாட்டேன், கேட்க அவரிடம் சொல் இல்லை. எட்வின் துணைக்கு வருகிறானாம். கயிற்றை மட்டும் நீதான் இழுக்க வேண்டும்.

ஆண்டவர் உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். அங்கியைக் கொடியில் போட்டிருக்கிறேன். எண்ணெய் காய இரண்டு மூன்று நாளாகும். காய்வதற்குள் வந்துவிடு, கண்ணு.

உன் அம்மா,
மார்த்தா