பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே வா

மே 9

விதைப்பு முடிய இன்னும் இரண்டு வயல் பாக்கி. காற்று வேறு மண்ணை வாரி இறைக்கிறது. பழைய நில உருளையை விற்க நான் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம், ஆல்பர்ட்டாவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஆர்லோ. ஆல்பர்ட்டா என்று கேட்டதுமே என் அண்ணன் மைரன் கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான். அங்கே பல வயல்களில் வேர்க்கட்டி நோய். நாங்கள் போடும் எண்ணெய்வித்துப் பயிரான கனோலாவின் வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிப்போய்ச் செடியே காய்ந்துவிடும். பூட்ஸில் ஒட்டிய சேறு போதும் அது பரவ. வந்துவிட்டால் வருஷக்கணக்கில் மண்ணை விட்டுப் போகாது. எங்கள் நிலத்தில் அது இல்லை என்று மைரனுக்குத் தலை கால் தெரியாத பெருமை. கேட்டில் பலகையே அடித்து வைத்திருக்கிறான்: "நில். பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே வா."

"பூட்ஸ் மட்டும் போதாது சார். வண்டிச் சக்கரமும்" என்றான், பிரஷர் குழாயைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு.

வேறு யாராவது என்றால் திரும்பிப் போயிருப்பார்கள். இந்த மனிதர் மண்டியிட்டு உட்கார்ந்து, பூட்ஸின் அடிப்பள்ளங்களிலும் சக்கரத்திலும் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். "நீங்க செய்யறது ரொம்ப சரிங்க. எங்க ஊர்ல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா என் நிலம் தப்பிச்சிருக்கும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "முகத்தையும் கழுவிக்கணுமாங்க?"

சிரித்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயசில் அப்படி ஒரு கெக்கெக்கே சிரிப்பு. சே.

மே 10

விதைப்பு முடிந்தது. அவருக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. இதை எதற்கு எழுதுகிறேன்?

மே 26

மறுபடி வந்தார்! வாங்கிப்போன உருளையில் ஒரு இணைப்புப் பின் குறைகிறதாம். ஒரு பின்னுக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். என் அண்ணி லெஸ்யா ஜன்னலில் நின்றுகொண்டு, "ஏண்டி தாரியா, ஆல்பர்ட்டாவுல பின்னுக்குப் பஞ்சமா?" என்று கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கனோலா இரண்டு இலை விட்டிருக்கிறது. கருவண்டுகள் இலையைச் சல்லடையாகத் துளைத்துவிட்டன. விதைமேல் பூசிய மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது. தெளிப்பானை வெளியே எடுக்கப் போனேன். ஆர்லோ (கழுவிய பூட்ஸோடுதான்) வயலில் குனிந்து செடி செடியாகப் பார்த்தார்.

"இலையில கால் பங்கு போனாத்தாங்க தெளிக்கணும். இது அவ்வளவு போகலை. மழை வர்ற மாதிரி இருக்கு, வந்தா செடி வண்டை முந்திக்கும். அவசரப்பட்டா நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும்."

எனக்கும் அது தெரியும். ஆனால் அவர் சொல்லும்போது புதுசாகக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

ஜூன் 1

மழை! கொட்டு கொட்டென்று கொட்டியது. செடி தப்பியது. சந்தோஷத்தில் ஆர்லோவுக்குப் போன் போட்டேன். போனை வைத்தபோது அடுப்பில் இருந்த சூப் கரியாகியிருந்தது. வண்டைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறதா என்ன?

ஜூலை 7

பூத்துவிட்டது. கண் போகிற வரைக்கும் மஞ்சள். நெஞ்சு கொள்ளவில்லை.

ஈரம் அதிகம். உதிர்ந்த பூவிதழ் இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டால் அதில் பூஞ்சை பிடித்துத் தண்டு அழுகும். பூ எந்த அளவு விரிந்திருக்கிறது, மருந்து தெளிக்க இதுதான் சமயமா என்று பார்க்க, வந்திருந்த ஆர்லோவும் நானும் வயல் ஓரமாக இறங்கினோம். பார்க்கத்தான் இறங்கினோம். சத்தியமாக.

வீட்டுக்கு வந்தால் அண்ணி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "பூ ஆராய்ச்சியை முதுகுலயுமா பண்ணீங்க?" என் சட்டை முழுக்க மகரந்தம்! ஆர்லோ காது வரைக்கும் சிவந்துபோய் அண்ணி செய்த பிரோகிக் கொழுக்கட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார், பன்னிரண்டோ பதிமூன்றோ. பிறகு அத்தனையையும் தின்றும் தீர்த்தார்.

அவர் போன பிறகு மைரன் தனியாகக் கூப்பிட்டான். "எனக்கு அந்த ஆள் மேல ஒண்ணும் கோபமில்ல தாரி. ஆனா அவரால இந்த மண்ணுக்கு அந்த நோய் வந்துச்சுன்னு வை, அப்புறம் இந்தக் கேட்டு அவருக்குத் திறக்காது. நிலத்துல பாதி என்னுது."

வராது என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

ஜூலை 8

மருந்து தெளித்தாயிற்று, தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதோ, எழுதியே விட்டேன்.

ஆகஸ்ட் 8

டிரோனைப் பறக்கவிட்டேன். வயல் முழுக்கப் பச்சைக் காய். வாத்து ஏரிப் பக்கத்து மூலையில் மட்டும் ஒரு திட்டு முன்கூட்டியே பழுத்து வெளுத்துக் கிடக்கிறது.

மைரன்தான் முதல் செடியைப் பிடுங்கினான். வேர் வீங்கியிருந்தது. அடுத்த செடி. அதுவும். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இன்றைக்கு முன் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் கத்தினான். "வந்துடுச்சா? உன் ஆளு கொண்டுவந்து கொடுத்துட்டாரா? திருப்தியா?"

ஆகஸ்ட் 9

தூக்கமே வரல. என் தப்பா? நான்தானே உள்ள விட்டேன்? ஒழுங்கா கழுவினாரே, என் கண் முன்னாடி கழுவினாரே — இல்ல, நான் சக்கரத்தப் பாத்தேனா இல்ல மூஞ்சியப் பாத்துட்டு நின்னேனா?

ஆர்லோவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"எந்த இடத்துல தாரியா? கேட்டுப் பக்கமா?"

"இல்ல. ஏரி மூலையில."

"அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லையே. அது மட்டுமில்ல, ஒரே பருவத்துல இந்த மாதிரி திட்டு ஆகாது. எனக்குத் தெரியும், நான் அனுபவிச்சவன். மண்ணை லேபுக்கு அனுப்பு. அண்ணனோட சண்டை போடாத. இப்ப அவருக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவன் இவரைத் திட்டுகிறான், இவர் அவனுக்காகப் பரிதாபப்படுகிறார். நான் போனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 19

லேபிலிருந்து கூப்பிட்டார்கள். வேர்க்கட்டிதான். ஆனால் மண்ணில் நோய் வித்து ஏகத்துக்கு இருக்கிறதாம். பல வருஷமாக, கனோலா போட்ட ஒவ்வொரு முறையும் பெருகியிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஆர்லோவைத் தெரிந்ததே மே மாதத்திலிருந்துதான்!

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மைரன் முள்கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப யாரு? அந்த மூலைக்கு யாரு போறா?" என்றான்.

அண்ணி வெண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னாள், குரலை உயர்த்தாமல்: "வருஷா வருஷம் அந்த நாலு சக்கர குவாட் வண்டியை ஏத்திக்கிட்டு ஆல்பர்ட்டாவுல இருக்கற ஹாக்கி சிநேகிதன்கிட்ட வாத்து வேட்டைக்குப் போறது யாருங்க? வந்ததும் சேத்தோட நேரா ஏரிக்கு ஓட்டறது யாரு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊர் உலகத்து டிராக்டரை எல்லாம் கழுவ வைத்தவன். உரக்காரரைக் கழுவ வைத்தவன், பாதிரியாரைக்கூடக் கழுவ வைத்தவன். அந்தக் குவாட் விளையாட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டான்!

மைரன் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் பிரஷர் குழாய்ச் சத்தம் கேட்டது. அண்ணியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. அண்ணி மேசைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21

இவ்வளவு சுத்தமான குவாட் வண்டியை இந்த மாகாணமே பார்த்திருக்காது.

செப்டம்பர் 16

போன வாரம் மைரனே ஆர்லோவுக்குப் போன் பண்ணினான். "அந்த... ம்... நீங்க உங்க திட்டுல என்ன போட்டீங்க?" மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அவனுக்கு இதுவே பெரிய விஷயம்.

ஆர்லோ வந்து நான்கு நாள் தங்கினார். நோய் வந்த வயலைக் கடைசியாக அறுத்தோம், இயந்திரம் மண்ணை மற்ற வயலுக்கு இழுத்துப் போகாமலிருக்க. திட்டைச் சுற்றிக் கொடி நட்டு, அதில் புல் விதைத்தோம். வேர் பிடித்து மண்ணை நகரவிடாமல் கட்டும். அந்த வயலில் சில வருஷத்துக்குக் கோதுமையும் பட்டாணியும்தான். மறுபடி கனோலா போட்டால் நோயைத் தாங்கும் ரகம் மட்டும், அதையும் மாற்றி மாற்றி.

"இதோட சாகறதில்லை மைரன். இதோட வாழலாம். நான் வாழறேனே" என்றார் ஆர்லோ.

மைரன் தலையை ஆட்டிவிட்டு, அவர் தட்டில் பிரோகியை அவனே வைத்தான். விளைச்சல் நன்றாகவே இருக்கிறது, அந்த மூலை நீங்கலாக. அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று நான் பாடினேனாம். அண்ணி சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 12

அறுவடைக்கு நன்றி சொல்லும் திருநாள் விருந்து. வான்கோழி, பூசணிப் பை பலகாரம், ஆர்லோ. இந்த வரிசையில் பிடித்தது என்று எழுதினால் பொய்.

சாயங்காலம் அவர் கிளம்பினார். கூடவே கேட்டு வரைக்கும் போனேன். பலகையைக் காணோம் என்று தேடினால், மைரன் அதைப் பிடுங்கி வீட்டைப் பார்த்த மாதிரி திருப்பி நட்டிருக்கிறான்! புதுசாக எழுதியும் இருக்கிறது: "நில். பூட்ஸைக் கழுவிவிட்டு வெளியே போ." இப்போது மற்றவர்களை எங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டுமே.

ஆர்லோ வாசித்துவிட்டு மண்டியிட்டார், பிரஷ்ஷை எடுத்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் தானாகப் பேசிவிட்டது:

"போறதா இருந்தாத்தான் கழுவணும். போகலேன்னா கழுவ வேணாம்."

பிரஷ் நின்றது. "குளிர்காலம் முழுக்கவா?"

"அதுக்கப்புறமும்."

எழுந்திருக்காமலே திரும்பிப் பார்த்தார். இடது கன்னத்தில் குழி. "அங்க மாட்டை என் தம்பி பார்த்துக்குவான். ஆனா ஒரு பூனை இருக்கு."

பூனை! நான் கேட்டதற்கு இதுதான் பதில்! சிரித்துச் சிரித்து கேட்டிலேயே சாய்ந்துவிட்டேன்.

அக்டோபர் 30

பனி நிலைத்துவிட்டது. மத்தியானம் ஆர்லோ வந்து சேர்ந்தார், இரண்டு பெட்டியும் ஒரு கூடையுமாக. மைரன் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தான். கையில் குழாய் இல்லை. வெந்நீர்ச் சட்டியும் ஒரு துணியும் இருந்தன.

"பூனையை இங்க கொடுங்க மாப்பிள்ளை. அதுவும் ஆல்பர்ட்டாதானே" என்றான். ஒவ்வொரு பாதமாக, விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.